மிஸ் பெம்பர் தேநீருக்கு வருகிறார்

பிம்லிகோ, லண்டன்
8 மார்ச் 1954

அடியே லோட்டி,

நான் எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். டில்பரி துறைமுகத்துல நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறினியே, ஒரு தடவை திரும்பிப் பார்த்தியா? "கப்பலேறி ஓடறவளுக்குக் காதல் எதுக்கு"ன்னு நான் கேட்டது தப்புதான். கேட்டதுக்கு நீ ஒரு பதில் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷமா உனக்கும் எனக்கும் நடுவுல கேலியும் கிண்டலும்தான் ஓடுது. ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. சரி, விடு. சண்டைக்கு எழுதலை.

பயத்துல எழுதறேன். க்ளெம்மோட தொப்பிக் கடை சாத்திக் கிடக்கு. ரெண்டு வாரமாச்சு. பக்கத்து முடிவெட்டற கடைக்காரன், "ப்ரிஸ்டலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டாரு"ன்னான். க்ளெம்முக்கு ஏதுடி அக்கா? இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொன்னதில்லையே! கடை சன்னல்ல பாதி தைச்ச தொப்பி ஒண்ணு அப்படியே கிடக்கு. அவ அப்படி வேலையை விட்டுட்டுப் போறவளா?

இந்த வருஷம் லில்லிங்க ஆட்டம் ஜாஸ்தி. போலீஸ்னு தபால்ல எழுதவே கை கூசுது, அதான் லில்லி. ஆம்பளையை நேசிக்கற ஆம்பளைன்னு ஒருத்தனைப் பிடிக்கறாங்க, அவன் பெட்டியைக் கவிழ்க்கறாங்க, அதுல இருக்கற கடிதத்தை வச்சு அடுத்தவனைப் பிடிக்கறாங்க. ஸ்வெட்டர்ல ஒரு நூலை இழுத்த மாதிரி, மொத்தமும் அவிழ்ந்து வந்துடும். க்ளெம் எல்லார் கடிதத்தையும் தொப்பிப் பெட்டியில சேர்த்து வச்சிருப்பா, உனக்குத் தெரியும். நீ அவளுக்கு என்னென்ன எழுதித் தொலைச்சே?

கவர் மேல வழக்கம்போல மிஸ் சார்லட் பெம்பர்னு போட்டிருக்கேன். கொரின்னா கப்பலோட ஸ்டூவர்ட் ஸ்டான்லி பர்கிஸா, பேண்டும் சட்டையுமா நீயே போய், "எங்க கப்பல் அம்மா ஒருத்தருக்குத் தபால் இருக்கா"ன்னு சிரிக்காம கேட்டு வாங்கிக்கோ. படிச்சதும் எரி.

கொஞ்சம் நல்ல சேதியும் இருக்கு. நம்ம 'குருட்டு மாலுமி' பப்புக்குப் புதுசா ஒரு ஓமி, ஆம்பளைன்னா ஆம்பளை, வர்றான். பேரு டென்னிஸ். தாடையைப் பார்த்தாலே டோப்பா சீப்பு கையிலேர்ந்து நழுவுது. நான் மிரண்டு ஒதுங்கினேன். அவனே வந்து, "என்னம்மா, போனாவா, நல்லா இருக்கியா"ன்னான். நம்ம பொலாரி, அதேதான்டி! சர்க்கஸ்காரன், பொம்மலாட்டக்காரன், மாலுமின்னு ஆளாளுக்குப் போட்டதைப் பொறுக்கி நாம தைச்சுக்கிட்ட பாஷை. இதைப் பேசறவன் நம்ம ஆளில்லாம வேற யாரு?

எழுதுடி, பாவி.

ஃப்ளோரா


ஏடன்
16 மார்ச் 1954

ஃப்ளோரா,

கிடைச்சது. எரிச்சாச்சு. அடுப்படிச் சாம்பலோட கடல்ல போட்டாச்சு.

நான் கையால எழுதறதை விட்டு ரொம்ப நாளாச்சுன்னு உனக்குத் தெரியும். கப்பல் கணக்குப் பார்க்கற பர்சர் ஆபீஸ் குமாஸ்தா சாப்பிடப் போற நேரத்துல அந்த மெஷின்ல தட்டறேன். அதுல ஒரு எழுத்து வரிசையில நிக்காம மேல மேல குதிக்குது, பொறுத்துக்கோ. கையெழுத்து இருந்தாத்தான் கையும் களவுமா மாட்டறது. க்ளெம்முக்கு எழுதினதும் இப்படித்தான், கீழ லோட்டிங்கற பேரையும் தட்டித்தான் விட்டேன். கப்பல் பேரோ என் பேரோ எதுலயும் இல்லை. அதனால எனக்குப் பயம் இல்லைன்னு சொல்ல வரலை. பயமாத்தான் இருக்கு.

க்ளெம்மைத் தேடிக்கிட்டு யார் வீட்டுக்கும் போகாதே. கடைப்பக்கம் நடக்காதே. யாராவது கேட்டா, ஒரு தடவை தொப்பி வாங்கினேன், அவ்வளவுதான்னு சொல்லு.

அந்த டென்னிஸ். ஆழம் தெரியாம காலை விடாதே. பாஷை தெரிஞ்சவனெல்லாம் சொந்தக்காரன் ஆயிடுவானா? எங்க அத்தை கிளி கூட பேசும்.

இங்கே எனக்கு ஒரு துணை இருக்கு. எனிட் பாக்ஸல்னு ஒரு ஸ்டூவர்டஸ். ஹல் ஊர்க்காரி, முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும், ஊருக்குள்ள இறங்கும்போதெல்லாம் ஒரே பச்சைக் கோட்டுதான். என்னைப் பத்தி அவளுக்குத் தெரியும். நான் சொல்லலை, அவளே கண்டுபிடிச்சா. "உன் தலையெழுத்து எனக்கென்ன, என் ஷிஃப்டுல மூணாம் நம்பர் கேபினை நீ பெருக்கு"ன்னா. பெருக்கறேன்.

இதுக்கு மேல தனித் தாள். படிச்சுட்டு இதையும் சேர்த்து எரி.

*

துறைமுகத்துல நான் திரும்பிப் பார்க்கலை. பார்த்திருந்தா இறங்கியிருப்பேன். உங்கிட்ட கோவம் இல்லை. உன் அறையில அந்த கேஸ் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி, நீ ஊத்தற கடுந்தேநீர், நீ கண்ணாடியைத் தேடிக்கிட்டே அதைத் தலையில வச்சிருக்கறது, இதெல்லாம்தான் கடல் முழுக்க ஞாபகம். மே இருபத்தேழு டில்பரி வந்துடுவேன். அந்த நாற்காலியில வேற யாரையும் உட்கார வைக்காதே.

லோட்டி


பிம்லிகோ
26 மார்ச் 1954

லோட்டிக் கண்ணு,

அந்த நாற்காலியில பூனைகூட உட்காரலை. போதுமா?

நீ பாட்டுக்கு நடுக்கடல்லேர்ந்து உத்தரவு போடறே. இங்கே இருக்கறவளுக்குத்தான் தெரியும் கஷ்டம். தியேட்டர்ல எல்லாரும் வாயைத் தைச்சுக்கிட்டுத் திரியறாங்க. முன்னெல்லாம் ஒப்பனை அறையில நுழைஞ்சா காது புளிக்கும், அத்தனை பொலாரி. இப்போ என்னடான்னா வானிலை பத்திப் பேசறாளுங்க! நேத்து அந்த நாயகி அம்மா என் முகத்துக்கு நேரா டோப்பாவைக் கழட்டி எறிஞ்சா, பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரலை. பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து 'குருட்டு மாலுமி'யில உட்கார்ந்ததும் அழுதுட்டேன். சின்னப் புள்ளை மாதிரி.

டென்னிஸ் கைக்குட்டை குடுத்து, "அட, டாம்ப்லின் போடாதேம்மா"ன்னான். என்னடா அதுன்னா, "அழறதுதான், கப்பல் ஆளுங்க வார்த்தை"ங்கறான். நான் அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். அடியே, உங்க கப்பல் சரக்கெல்லாம் இவ்வளவு சீக்கிரம் கரைக்கு வந்துடுதே! எனக்கு மட்டும் ஏன் சொல்லலை?

நீ மூஞ்சியைத் தூக்கிக்காதே. ஒண்ணும் நடக்கலை. கை கூடப் படலை. அவனும் அவசரப்படலை. கேக்கறான், நான் பேசறேன். உன்னைப் பத்தியும் கேட்டான், "லோட்டின்னு ஒருத்தி உண்டாமே"ன்னு. "என் லோட்டி ஊர் ஊரா சுத்தறா, அவ வரும்போது பாரு"ன்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன். நானென்ன பைத்தியமா?

மூணு வாரமா என்னை ஒருத்தர் "சாப்பிட்டியா"ன்னு கேட்டதில்லை லோட்டி. அவன் கேக்கறான். அதுக்குத்தான் போறேன்.

ஃப்ளோரா


ஃப்ரீமேன்டில்
1 ஏப்ரல் 1954

ஃப்ளோரா,

இதை நின்னுக்கிட்டே படி. படிச்சதும் அடுப்புல போடு.

டாம்ப்லின்னு கப்பல்ல ஒரு வார்த்தையும் கிடையாது. அது நான் போட்டது. ஜனவரிப் பயணத்துல பதினெட்டாம் கேபின்ல மிசஸ் டாம்ப்லின்னு ஒரு அம்மா. டீ ஆறினா அழுவா, டீ சுட்டா அழுவா. பயணியைக் கேலி பண்ணினதா காதுல விழுந்தா அன்னிக்கே என் வேலை போயிடும், அதனால வாய்விட்டு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. எனிட்டுக்கும் தெரியாது. ஒரே ஒரு கடிதத்துல எழுதினேன். க்ளெம்முக்கு. "நீயும் டாம்ப்லின் போடாதே"ன்னு.

அந்தக் கடிதம் அவளோட தொப்பிப் பெட்டியில இருந்தது.

இப்போ உன் டென்னிஸ் வாயில இருக்கு.

க்ளெம் ப்ரிஸ்டலுக்கும் போகலை, எங்கேயும் போகலை. அவளை எங்கே வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியலை, ஆனா அந்தப் பெட்டியை எவனோ உட்கார்ந்து பாடம் மாதிரி படிச்சிருக்கான். நம்ம வார்த்தையெல்லாம் மனப்பாடம் பண்ணி, அதைப் போட்டுக்கிட்டு உன் எதிர்ல வந்து உட்கார்ந்திருக்கான்.

தந்தியும் அடிச்சிருக்கேன், "அத்தைக்கு உடம்பு மோசம், விருந்தாளி வேண்டாம்"னு. புரிஞ்சிருக்கும்னு நம்பறேன். குமாஸ்தா வர்றதுக்குள்ள தட்டறேன், மெஷின் தப்புத் தப்பா அடிக்குது. அவன்கூட தனியா எங்கேயும் போகாதே. உன் அறைக்கு விடாதே. உனக்குக் கெஞ்சினாத்தான் புரியும்னா கெஞ்சறேன்.

லோ.


பிம்லிகோ
8 ஏப்ரல் 1954

லோட்டி,

தந்தி வந்தது. வீட்டுக்காரம்மா மிசஸ் ஆடி பிரிச்சுப் படிச்சுட்டு, எங்க அத்தைக்காக ஒரு கேக் சுட்டுக் குடுத்தா. எனக்கு ஏதுடி அத்தை?

ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாதே. இது பயமா, பொறாமையா? ஒன்பது வருஷம் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை. இன்னொருத்தன் என்கிட்ட அன்பாப் பேசினதும் ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே. க்ளெம்முக்குக் கடிதத்தைச் சத்தம் போட்டு வாசிக்கற பழக்கம் உண்டு. பப்புல யாருக்கோ வாசிச்சிருப்பா, அங்கேர்ந்து பரவியிருக்கும். ஆகக்கூடாதா? ஒரு நல்லது எனக்கு நடந்தா அது பொறின்னுதான் இருக்கணுமா?

10 ஏப்ரல்

இதை நேத்தே போட்டிருப்பேன். போடாததுக்கு கடவுளுக்கு நன்றி.

இன்னிக்குப் பேப்பர்ல இருக்கு. க்ளெமென்ட் ஏர்டன், தொப்பி வியாபாரி, வயசு நாற்பத்தேழு. பதினெட்டு மாசம் ஜெயில். கடிதத்தையெல்லாம் கோர்ட்ல வாசிச்சாங்களாம். ஜட்ஜ் தனக்கு ஒண்ணும் புரியலைன்னாராம். ஒரு கான்ஸ்டபிள் எழுந்து நின்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னானாம். கூட்டம் சிரிச்சுதாம்.

படமும் போட்டிருக்கான். அந்தக் கான்ஸ்டபிள் கோர்ட் படியில தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கறான். அந்தத் தாடை. ஐயோ லோட்டி, அந்தத் தாடை எனக்குத் தெரியும்டி.

நான் சமையல்கட்டுல உட்கார்ந்துட்டேன். முந்தாநாள் அவன் கையில இருந்த கோப்பையை நான் வாங்கிக் குடிச்சேன். என் தியேட்டர் தெரியும், என் தெரு தெரியும். உன் நிஜப் பேரு தெரியாது. சத்தியமா தெரியாது. க்ளெம் வாயைத் திறக்கலை போலிருக்கு, திறந்திருந்தா இந்நேரம் உங்க கப்பலுக்கு ஆள் வந்திருக்கும்.

எல்லாத்தையும் எரிச்சுட்டேன். நம்ம பாஷையில இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நாண்டி. அதுதான் கடைசி வார்த்தை, வேண்டவே வேண்டாம்.

நீ சொன்னதைக் கேக்காததுக்கு என்னை மன்னிச்சுடு.

ஃப்ளோ


சிட்னி
17 ஏப்ரல் 1954

ஃப்ளோரா,

மன்னிக்க ஒண்ணும் இல்லை. பொறாமையும் இருந்தது. அதையும் சொல்லிடறேன்.

நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாத்தையுமே எரிச்சியா? நீ பழைய நாடக டிக்கெட்டைக்கூட வச்சுக்கிறவ. மெத்தைக்கடியில பாரு, டோப்பா மரத்தலைக்குள்ள பாரு.

பப்புக்குப் போறதைச் சட்டுன்னு நிறுத்தாதே, சந்தேகம் வரும். கொஞ்சம் கொஞ்சமா நிறுத்து. அவன் வந்தா, நாடக ஒத்திகைன்னு சொல்லு. முகத்துல எதையும் காட்டாதே.

கப்பல் இங்கே இருபதாந்தேதி வரைக்கும் நிக்குது. அடுப்படி ஆளு ஒருத்தன் இறங்கிப் போனவன் திரும்பி வரலை. இந்த ஊர்ல அது சுலபம். ஓட்டல்ல கேள்வி கேக்காம வேலை குடுக்கறாங்க. நானும் போயிடலாம். ரெண்டு நாளா பெட்டியைக் கட்டறதும் அவிழ்க்கறதுமா இருக்கேன். டில்பரியில கப்பல் படிக்கட்டுக்குக் கீழ அவன் நிக்கற மாதிரியே கனவு வருது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடறான், நான் பதில் சொல்லிடறேன்.

எனிட்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வேற வழி தெரியலை. அவ தம்பிக்கும் இதே கேஸ்தான் நடந்திருக்கு, போர் முடிஞ்ச வருஷம். தண்டனை ஆறு மாசம்தான். வெளியில வந்த மூணாம் நாள் துறைமுகத் தண்ணியில கிடந்தானாம். அவ இதைச் சொல்லும்போது துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. அப்புறம், "உங்களுக்கெல்லாம் பக்கத்துல ஒரு பொம்பளை நின்னா போதும், அவனுங்க தொப்பியைக் கழட்டிக் கும்பிட்டுட்டுப் போயிடுவானுங்க. தேவைன்னா சொல்லு"ன்னா.

நான் இறங்கலை. திரும்பி வர்றேன். நீ அங்கே தனியா இருக்கும்போது நான் இங்கே கோப்பை கழுவிக்கிட்டு உயிரோட இருந்து என்ன பண்றது? அடுத்த கடிதத்தை ஏடனுக்கு எழுது.

எரி.

லோ.


பிம்லிகோ, லண்டன்
6 மே 1954

அன்புள்ள சார்லட் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நான் நலம். வானிலை இதமாக உள்ளது.

ஒரு செய்தியைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டியுள்ளது. சென்ற திங்கட்கிழமை காலை இரு கனவான்கள் என் அறைக்கு வந்து, என் உடைமைகளைப் பார்வையிட்டனர். மிசஸ் ஆடி உடனிருந்தார். மரத்தலை ஒன்றினுள் தாங்கள் ஏடனிலிருந்து அனுப்பிய கடிதத்தின் கடைசித் தாள் இருந்தது. அதை மட்டும் நான் பத்திரமாக வைத்திருந்தேன். வைத்திருக்கக் கூடாதுதான். ஆயினும் அந்தத் தாளை என்னால் விட முடியவில்லை.

அதை எழுதிய லோட்டி யார் என்று கேட்டனர். நான் மணம் செய்துகொள்ள விரும்பும் பெண் என்று கூறினேன். அவர்கள் நம்பவில்லை. ஒருவர் சிரித்தார். ஆனால் அவர்களுள் என்னை முன்பே அறிந்த ஒருவர் உண்டு. அவரிடமே கேட்கும்படி சொன்னேன். லோட்டியைப் பற்றி அவரிடம் பேசியபோதெல்லாம் நான் "அவள்" என்றே சொல்லியிருக்கிறேன். அவர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தப் பப்புக்கு வருவோர் ஆண்களையும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் விளக்க முற்பட்டார். மூத்தவர் எரிச்சலடைந்து, எழுதியதை எழுதியபடியே வாசிக்கச் சொன்னார்.

தாங்கள் கடற்பயணத்தில் இருப்பதாகவும், மே 27 அன்று திரும்புவதாகவும் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தங்களைச் சந்திக்க அவர்கள் ஆவலாக உள்ளனர். எனவே மே 30, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் அறைக்குத் தேநீர் அருந்த வருமாறு அழைக்கிறேன். அவர்களும் வருவார்கள். தாங்கள் வராவிட்டால், லோட்டி என்று ஒரு பெண் இல்லை என்று முடிவு செய்யப்படும் என எனக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.

இக்கடிதத்தை நானே, என் விருப்பப்படி எழுதுகிறேன். ஒரு கனவான் தயவுடன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தபாலில் சேர்ப்பதாகக் கூறியுள்ளார்.

இங்ஙனம்,
ரெஜினால்ட் த்ரிப்


எஸ்.எஸ். கொரின்னா, ஏடன்
13 மே 1954

என் அன்புள்ள ரெஜினால்டுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. மூன்று முறை படித்தேன். உங்கள் அழைப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிறு நான்கு மணிக்கு வருவேன்.

அந்தக் கனவான்களுக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். நம் விஷயத்தை நாம் யாருக்கும் சொல்லவில்லை அல்லவா? ஸ்டூவர்டஸ் வேலையில் இருப்பவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்று தெரிந்தால் கம்பெனி அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாது. அதனால்தான் என் அம்மாவின் பெயரான பெம்பரில் கடிதங்களை வாங்கிக்கொள்கிறேன். கப்பல் பதிவேட்டில் நான் எனிட் பாக்ஸல்தான் என்பதும், லோட்டி என்பது நீங்கள் மட்டுமே என்னைக் கூப்பிடும் பெயர் என்பதும் உங்களுக்குத் தெரியும். சம்பளப் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன், பார்த்துக்கொள்ளட்டும். தொப்பிக்கடைக்காரருக்கு நான் எழுதிய கடிதங்கள் பற்றிக் கேட்டாலும் சொல்கிறேன். தொப்பி வாங்கிய இடத்தில் இரண்டு வார்த்தை வேடிக்கையாக எழுதுவது குற்றம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எல்லாமே பர்சர் ஆபீஸ் மெஷினில் அடித்தவை, இந்தக் கடிதத்தைப் போலவே. மேலே குதிக்கும் அந்த எழுத்து இதிலும் குதிப்பதை அவர்கள் பார்க்கலாம்.

என்னைப் பார்த்ததும் திடுக்கிடாதீர்கள். கடற்காற்றில் கறுத்திருக்கிறேன். அதே பச்சைக் கோட்டு, அதே உடைந்த பல். ஹல் ஊர்ப் பேச்சு இன்னும் போகவில்லை. நீங்கள் எழுந்து வந்து, கோட்டை வாங்கி மாட்டி, கேஸ் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது முடிந்தது. இனி உங்களுக்கு. அவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

டில்பரியில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். கப்பலேறி ஓடுபவளுக்குக் காதல் எதற்கு என்று. நான் பதில் சொல்லாமல் போனேன். ஒன்பது வருடமாக அப்படித்தான். நீங்கள் ஒன்று சொல்ல, நான் கேலியாக ஒன்று சொல்ல, இருவரும் சிரிக்க, அதோடு போய்விடும். நேராகச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. எழுதுவதற்கு அதைவிடப் பயம். எழுதினால் எவனாவது எடுத்துப் படிப்பான் என்று.

இதையும் படிப்பார்கள், ஆனால் இன்று பயமில்லை. ஒரு பெண் தான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு எழுதுகிறாள், அவ்வளவுதான். ஆகவே சொல்கிறேன், ரெஜினால்ட். உங்களை நான் நேசிக்கிறேன். போர் முடிந்த வருடம், அந்தத் தியேட்டர் படிக்கட்டில் ஒரு கை நிறைய டோப்பாக்களோடு நீங்கள் தடுமாறி வந்து என்மேல் மோதினீர்களே, அன்றிலிருந்து. ஒவ்வொரு பயணமும் உங்களிடமிருந்து ஓடுவதற்காகத்தான் ஏறினேன், ஒவ்வொரு பயணத்திலும் திரும்பும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களோடு ஒரே அறையில், ஒரே கெட்டிலில் தேநீர் போட்டு, கிழவர்களாகும்வரை சண்டை போட்டுக்கொண்டு இருக்க ஆசை. கிடைக்குமா என்று தெரியாது. ஆசையைச் சொல்லிவிட்டேன்.

தைரியமாக இருங்கள்.

என்றும் உங்கள்,
சார்லட்


பிம்லிகோ, லண்டன்
1 ஜூன் 1954

அன்புள்ள சார்லட்டுக்கு,

இதை மிஸ் பாக்ஸல் என்ற பெயருக்கு, உங்கள் விடுதி முகவரிக்கு அனுப்புகிறேன். என் தபாலை இப்போதும் யாராவது பிரிக்கிறார்களா என்று தெரியாது. பிரித்தாலும் படிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஞாயிறன்று நீங்கள் சரியாக நான்கு மணிக்கு வந்தீர்கள். இருவரும் மூன்றரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாடிப்படியில் காலடி கேட்டதும் இளையவர் எழுந்து கதவோரம் நின்றார். யார் உள்ளே வருவார் என்று அவர் எதிர்பார்த்தாரோ, அந்த உருவம் என் கண்முன்னும் வந்தது. நான் தேநீர்க் குடுவையை மேசையில் வைத்தேன். கதவு திறந்தது. பச்சைக் கோட்டு.

"யாருய்யா இவனுங்க, என் நாற்காலிக்குக் குறுக்க?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். அதன் பிறகு நான் ஒன்றுமே பேச வேண்டியிருக்கவில்லை. சம்பளப் புத்தகத்தை மேசையில் போட்டீர்கள். மூன்று துண்டு கேக் சாப்பிட்டீர்கள். டாம்ப்லின் என்றால் என்ன என்று இளையவர் கேட்டபோது, பதினெட்டாம் கேபின் அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னதைக் கேட்டு மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு பொண்ணு நாலு வார்த்தை ஆசையா எழுதினா அதுக்குத் தலைமாட்டுல போலீசா?" என்று நீங்கள் கேட்டதும் மூத்தவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, மிசஸ் ஆடியிடம் மன்னிப்புக் கேட்டார். மிசஸ் ஆடி இப்போது கல்யாணத் தேதி கேட்டு உயிரை எடுக்கிறார்.

இளையவர் கடைசியாகப் போனார். படிக்கட்டில் இறங்கும்போது, பின்னால் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாக ஒரு பெண் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார். அந்தப் பெயரில் யாரும் இங்கே இல்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. இனி எந்தப் பெயரில் யார் கூப்பிட்டாலும் என்னால் சட்டென்று திரும்ப முடியும் என்று தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் நீங்கள் வந்து போவதுதான் நல்லது. தெருமுனையில் யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கிறார். உங்கள் கப்பலில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் என்னைப் பார்க்க வர விரும்பியதாகச் சொன்னீர்கள். அவர் இந்த முறை வர வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். அடுத்த முறையும் வேண்டாம். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. மே மாதம் ஏடனிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை அவர்கள் முதலில் வாங்கிக்கொண்டார்கள். போகும்போது மூத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். மூலையில் நீல மையில் ஒரு எண், ஒரு முத்திரை. "இதுல ஆட்சேபத்துக்கு ஒண்ணுமில்லை, மிஸ்டர் த்ரிப். நல்ல பொண்ணு. நீங்க வச்சுக்கலாம்" என்றார்.

வைத்துக்கொண்டேன். மரத்தலைக்குள் இல்லை, மெத்தைக்கடியில் இல்லை. கேஸ் அடுப்புக்கு மேல், கடிகாரத்தில் சாய்த்து, வருகிறவர் போகிறவர் யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்திருக்கிறேன். மிசஸ் ஆடி இரண்டு முறை படித்துவிட்டார். நான் எத்தனை முறை என்று எண்ணவில்லை.

என்றும் உங்கள்,
ரெஜினால்ட்